நோட்டீஸ் வந்தால் பெட்டிக்குள் வைக்காதீர்கள்! அனுமதி இல்லாமல் கட்டிய வீட்டுக்கு என்ன வழி?



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம்ம பெரியவங்க சொல்வாங்க. கல்யாணத்துக்கு பத்திரிகை, மண்டபம், பந்தல்னு ஒண்ணு விடாம யோசிக்கிற நாம, வீடு கட்டும்போது மட்டும் ஒரு முக்கியமான காகிதத்தை மறந்து விடுகிறோம். அதுதான் கட்டட அனுமதி. இந்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

நம்ம குழு அக்கா ஒருவருக்கு நடந்தது இது. அவங்க கேட்டுக்கொண்டபடி ஊர், பேர் எழுதவில்லை.

அக்கா குழுவில் 60,000 ரூபாய் உள்கடன் வாங்கி, கூரை வீட்டைப் பிரித்துவிட்டு ஒட்டு வீடு கட்ட ஆரம்பித்தாங்க. சொந்த இடம், பட்டா இருக்கு. கடக்கால் போட்டு, பேஸ்மட்டம் முடிந்து, சுவர் லிண்டல் மட்டம் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது ஒருநாள் ஊராட்சியில் இருந்து வந்து ஒரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனாங்க. "அனுமதி இல்லாமல் கட்டடம் கட்டப்படுகிறது. வேலையை நிறுத்தி விளக்கம் தரவும்" என்று அதில் இருந்தது. வீட்டுக்காரர், "எல்லாருக்கும்தான் வருது, ஒண்ணும் பண்ண மாட்டாங்க, விடு"ன்னு சொல்லிட்டார். அக்கா அந்தக் காகிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டாங்க. குழுவிலும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து அதிகாரிகள் நேரில் வந்து வேலையை நிறுத்தினார்கள். கொத்தனார் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். வாங்கி வைத்திருந்த சிமெண்ட் மூட்டை மழையில் கட்டி தட்டிப் போச்சு. ஐந்து மாதம் வேலை நடக்கவில்லை. 60,000 ரூபாய்க்கு மாதம் ஒரு வட்டி என்றால் 600 ரூபாய். ஐந்து மாதத்தில் 3,000 ரூபாய் வட்டி கட்டியும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. தலைக்கு மேல் கூரையும் இல்லை.

அதன் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அக்காவோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கெடு முடியறதுக்குள்ள ஏன்மா பதில் கொடுக்கல?" என்பதுதான். எங்களிடம் பதில் இல்லை.

இதில் என் தப்பும் இருக்கிறது. கடன் மனுவை சரிபார்த்தவள் நான். வீட்டு வரி ரசீது, பட்டா நகல் இரண்டையும் பார்த்துவிட்டு "ஆவணம் சரி" என்று கையெழுத்துப் போட்டேன். அனுமதிக் காகிதம் எங்கே என்று நான் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எது அனுமதி? எது அனுமதி இல்லை?

நிறைய பேர் குழம்புவது இங்கேதான்.

பட்டா என்பது நிலம் யார் பெயரில் இருக்கு என்று சொல்வது. அந்த நிலத்தில் வீடு கட்ட அது அனுமதி ஆகாது.

வீட்டு வரி ரசீது என்பது வரி கட்டியதற்கான சாட்சி மட்டும்தான். அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி போடுவார்கள். வரி கட்டிவிட்டதால் கட்டடம் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

மின் இணைப்பு அட்டையும் அனுமதி இல்லை.

"தலைவர் கட்டிக்கச் சொன்னாரு" என்பதும் அனுமதி இல்லை. வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது.

அப்படியானால் எதுதான் அனுமதி? வீட்டின் வரைபடம், அதில் உள்ளாட்சியின் ஒப்புதல், எண்ணும் தேதியும் போட்ட அனுமதி ஆணை. இவை கையில் இருக்க வேண்டும். கிராமத்தில் இதைக் கொடுப்பது ஊராட்சி. தலைவர் பதவியில் இல்லாத ஊர்களில் தனி அலுவலர் அந்தப் பொறுப்பைப் பார்ப்பார். பெரிய கட்டடங்களுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும். 2019-ல் இருந்து தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே தொகுப்பாக வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்துவிட்டன. "நம்ம ஊரு குக்கிராமம், இங்கே எதுக்கு அனுமதி" என்று இனிமேல் சொல்ல முடியாது.

எதற்கு இந்த விதி?

பணம் பிடுங்கத்தான் இதெல்லாம் என்று கூட்டத்தில் சிலர் சொல்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். சந்துக்குள் ஆளாளுக்கு இரண்டடி படிக்கட்டை நீட்டினால் ஆம்புலன்ஸ் எப்படி வரும்? வாய்க்கால் மேலே சுவர் வைத்தால் மழைத் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும்?

மின் கம்பியையும் பாருங்கள். 11,000 வோல்ட் கம்பி வீட்டுக்குப் பக்கத்தில் போனால், பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும் (சுமார் 4 அடி), மொட்டை மாடிக்கு மேலே குறைந்தது 3.7 மீட்டரும் (சுமார் 12 அடி) இடைவெளி இருக்க வேண்டும். முதலில் கீழ்த்தளம் மட்டும் கட்டும்போது இடைவெளி சரியாக இருக்கும். பிறகு கேட்காமல் மாடி எடுப்போம். துணி காயப் போடப் போன பெண் கம்பியில் கை பட்டு இறந்தாள் என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! வரைபடம் கொடுத்திருந்தால் அந்த இடத்திலேயே கேட்டிருப்பார்கள்.

சின்ன வீட்டுக்கு இப்போது எளிய வழி

முன்பெல்லாம் அனுமதி வாங்க பல மாதம் அலைய வேண்டும் என்பது உண்மைதான். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளமும் ஒரு மாடியுமோ உள்ள வீடு கட்டுவதற்கு இது பொருந்தும். அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் முதலியவற்றைப் பதிவு செய்து, கட்டணம் கட்டினால் உடனே அனுமதி கிடைக்கும். கூர்ந்தாய்வுக் கட்டணம் கிடையாது. பணி முடிந்ததற்கான சான்று வாங்குவதில் இருந்தும் விலக்கு உண்டு. கிராம ஊராட்சிக்கும் இது உண்டு.

நம்ம பெண்கள் கட்டும் வீடுகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் வரும். கணினி தெரியவில்லை என்றால் இ-சேவை மையத்தில் கேளுங்கள், அல்லது படித்த பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

ஆனால் ஒன்று கவனிக்கணும். சுயசான்று என்றால், "நான் சொல்வதெல்லாம் உண்மை" என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. நீர்நிலை இடத்தையோ அடுத்தவர் இடத்தையோ நம்ம இடம் என்று காட்டினால் அனுமதி ரத்தாகும், நடவடிக்கையும் வரும். பொறுப்பு நம்ம தலையில்தான்.

ஏற்கனவே கட்டியாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் நிலம் எந்த வகை என்று பாருங்கள். வழி அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கும். அதில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேராக என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும். இணையத்திலும் இலவசமாகப் பார்க்கலாம்.

முதல் வகை: சொந்தப் பட்டா நிலம் அல்லது நத்தம் பட்டா. இடம் நம்முடையது, கட்டடத்துக்குத்தான் அனுமதி இல்லை. இதற்கு ஓரளவு வழி இருக்கிறது. கட்டியது விதிக்கு உட்பட்டு இருந்தால், வரைபடத்தோடு விண்ணப்பித்து அனுமதி கேட்கலாம். ஒரு பகுதி மட்டும் விதியை மீறியிருந்தால், அதை நாமே எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

இரண்டாவது வகை: அங்கீகாரம் இல்லாத மனை. ரியல் எஸ்டேட்காரர் வயலைத் துண்டு போட்டு, கல் நட்டு, சீட்டுப் போட்டு விற்றது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாதிரி மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது பலருக்கு நினைவிருக்கும். பிறகு 2017-ல் மனை வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் பதிவான மனைகளுக்கு அது. விண்ணப்பிக்கும் தேதியைப் பலமுறை நீட்டித்தார்கள். உங்கள் மனை அப்படிப்பட்டது என்றால், இப்போது மனு வாங்குகிறார்களா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். மனையை வரன்முறை செய்தபின்தான் கட்டட அனுமதி. இனி மனை வாங்குபவர்கள் அங்கீகார எண் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வகை: புறம்போக்கு. இதிலும் பிரிவு உண்டு. அரசு ஆட்சேபணை செய்யாத புறம்போக்கில் பல வருஷமாகக் குடியிருந்து, தகுதியும் இருந்தால், தாசில்தாரிடம் வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுக்கலாம். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், சாலை இவற்றில் கட்டியது என்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த இடத்தைக் காப்பாற்றித் தருகிறேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அங்கே போராட வேண்டியது மாற்று இடத்துக்காகவும், அவகாசத்துக்காகவும்தான். சேர்ந்து மனு கொடுங்கள். அந்த இடத்தில் இன்னும் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள், கடனும் வாங்காதீர்கள்.

"என்னைக்காவது அரசாங்கமே வரன்முறை பண்ணிடும்" என்று சிலர் காத்திருக்கிறார்கள். கட்டடங்களுக்கு 2017-ல் வந்த விதிகள்கூட 2007 ஜூலை 1-க்குள் கட்டியவற்றுக்குத்தான். பல வருஷம் யாரும் கேட்கவில்லை என்பதாலோ, நிறைய பணம் போட்டுவிட்டோம் என்பதாலோ அனுமதி இல்லாத கட்டடம் சரியாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நோட்டீஸ் வந்தால் முதலில் படியுங்கள்

நோட்டீஸைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்தக் காகிதத்தில் மிரட்டல் மட்டும் இல்லை, வழியும் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால், அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள், "கட்டியதை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள்" என்று விண்ணப்பிக்கும் உரிமை நமக்கு உண்டு. நம்ம அக்கா பெட்டிக்குள் பூட்டி வைத்தது அந்த உரிமையைத்தான்.

நோட்டீஸ் வந்த அன்றே செய்ய வேண்டியவை:

1. கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். கெடு அந்தத் தேதியில் இருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

2. யார் அனுப்பியது என்று பாருங்கள். ஊராட்சியா, நகர் ஊரமைப்பா, தாசில்தாரா, பொதுப்பணித் துறையா? எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? புறம்போக்கு என்றால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு என்று இருக்கலாம். விளக்கம் கேட்கும் நோட்டீஸ் அது.

3. சர்வே எண், அளவு, பெயர் எல்லாம் நம்முடையதுதானா என்று சரிபாருங்கள். சர்வே எண் மாறி வருவதும் உண்டு.

4. வேலையை நிறுத்துங்கள். "ராத்திரியோட ராத்திரியா ரூஃப் போட்டுட்டா இடிக்க மாட்டாங்க" என்று மேஸ்திரி சொன்னால் கேட்காதீர்கள். நிறுத்தச் சொன்ன பிறகு கட்டுவது இன்னொரு தப்பு. போட்ட காசும் போகும்.

5. கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பட்டா, பத்திரம், வரைபட நகலை இணையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். தபால் என்றால் ரசீது கிடைக்கும்படி அனுப்புங்கள். அந்த ரசீதை நகை மாதிரி பத்திரமாக வையுங்கள்.

எடுத்த எடுப்பில் இடிக்க முடியுமா?

2024 நவம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் விதிமுறை வகுத்தது. இடிப்பதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். பதில் சொல்ல 15 நாளோ, உள்ளூர் சட்டம் சொல்லும் நாளோ, எது அதிகமோ அது கொடுக்க வேண்டும். பதிவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும், கட்டடத்தின் வெளியிலும் ஒட்ட வேண்டும். என்ன மீறல் என்று எழுத வேண்டும். நேரில் கூப்பிட்டு நம்ம தரப்பைக் கேட்க வேண்டும். இறுதி உத்தரவு போட்ட பிறகும் 15 நாள் பொறுக்க வேண்டும். அதற்குள் நாமே அகற்றலாம், மேல்முறையீடும் செய்யலாம்.

ஆனால் தெரு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை முதலிய பொது இடங்களில் கட்டியதற்கும், இடிக்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போட்டதற்கும் இந்த விதிமுறை பொருந்தாது. இதையும் மறக்காமல் குழுவில் சொல்லுங்கள். பாதி செய்தி சொன்னால் மொத்தமும் கெட்டுப் போகும்.

பெண்களுக்கு இலவச சட்ட உதவி

1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண் என்றாலே இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் பார்க்க மாட்டார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். தாலுகா நீதிமன்றத்தில் வட்டக் குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நோட்டீஸோடு போனால் பதில் எழுதவும் வக்கீல் வைக்கவும் உதவுவார்கள்.

அலுவலகக் கோப்பில் என்ன இருக்கு என்று தெரிய வேண்டுமானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

"சரி பண்ணித் தர்றேன், பத்தாயிரம் கொடு" என்று வருபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அரசுக்குக் கட்டும் பணத்துக்கு ரசீது உண்டு. ரசீது இல்லாத பணம் போன பணம்தான்.

நிலம் ஒருத்தர் பேரில், கடன் நம்ம பேரில்

பல வீடுகளில் பட்டா மாமனார் பெயரிலோ, வீட்டுக்காரரும் கொழுந்தனார்களும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாகவோ இருக்கிறது. அனுமதி விண்ணப்பத்தில் அவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடணும். நோட்டீஸும் அவர்கள் பெயரில்தான் வரும். ஆனால் குழுவில் கடன் வாங்கியது நாம். வேலை நின்றால் தவணை கட்டுவதும் நாம்தான். அதனால் "ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க"ன்னு இருக்காதீங்க. கடன் வாங்குவதற்கு முன்பே கையெழுத்தெல்லாம் வாங்கிவிடுங்கள். முடிந்தால் பட்டாவில் உங்கள் பெயரையும் சேர்க்கக் கேளுங்கள்.

அக்கா வீடு என்ன ஆச்சு?

அளந்து பார்த்ததில் வெளிப் படிக்கட்டும், செப்டிக் டேங்கின் ஒரு ஓரமும் சந்தில் இருந்தன. மற்றதெல்லாம் பட்டாவுக்குள்தான். படிக்கட்டை இடித்து உள்பக்கமாகத் திருப்பினாங்க. டேங்கை மூடிவிட்டுப் பின்பக்கம் வேறு தோண்டினாங்க. திருத்திய வரைபடத்தோடு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ஒருவழியாக அனுமதி கிடைத்தது. போன மாதம் ரூஃப் கான்கிரீட் போட்டாச்சு. குழுவே போய் சல்லி சுமந்தோம். "அன்னைக்கே அந்தக் காகிதத்தைக் கூட்டத்துல காட்டியிருந்தா இவ்வளவு நஷ்டம் இல்ல தங்கச்சி"ன்னு அக்கா சொன்னாங்க. எல்லாருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். அவங்க இடம் பட்டா இடம். அதனால் முடிந்தது.

உங்கள் குழுவில் தீர்மானம் போடுங்கள்

வீடு கட்டவோ, மாடி எடுக்கவோ கடன் கேட்டால், பணம் கொடுப்பதற்கு முன் மூன்று காகிதம் பார்ப்போம்: பட்டா, 'அ' பதிவேடு விவரம், கட்டட அனுமதி ஆணை. கடனைத் தடுக்க இதைச் செய்யவில்லை. கட்டிய சுவர் நிற்கணும் என்பதற்காகச் செய்கிறோம். எங்கள் பகுதியில் கடன் மனுவிலேயே இந்த மூன்றுக்கும் கட்டம் போட்டுவிட்டோம். அதைப் பார்க்காமல் நானும் இனி கையெழுத்துப் போட மாட்டேன்.

கூட்டத்தில் பேச மூன்று கேள்விகள்:

1. நம்ம குழுவில் யார் யார் வீட்டுக்கு அனுமதி ஆணை இருக்கிறது?

2. யாருக்காவது நோட்டீஸ் வந்து, சொல்லாமல் வைத்திருக்கிறோமா?

3. நம்ம ஊரில் ஓடை, வாய்க்கால் எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா?

இரண்டாவது கேள்விக்கு யாராவது தலை குனிந்தால் திட்டாதீர்கள். நோட்டீஸை வாங்கிப் படித்து, கெடு தேதி என்ன என்று முதலில் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்